பக்கத்து சீட்டுப் பிரேக்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பாதி, அந்தத் திட்டு காதில் விழுந்த மாத்திரத்தில் எதிர்ச்சாரிக்குத் தாவி, அங்கே இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பிழைத்துக்கொண்டவர்கள். ஆக, ஊரே கார் ஓட்டுவதற்கு மாஸ்டர்தான் காரணம். இப்படிச் சொல்பவர் வேறு யாருமில்லை, மாஸ்டரேதான். அடுத்தவர் கிண்டல் செய்வதற்குள் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டால் வலி கொஞ்சம் குறையும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

வேலை பார்த்த காலம் முழுவதையும் ஸ்டியரிங் இல்லாத சீட்டில் கழித்தவர் அவர். காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு கிளச், ஒரு பிரேக். மாணவர்கள் ஓட்டுவார்கள், இவர் நிறுத்துவார். இத்தனை வருட மிதியில் வலது காலின் ஆடுசதை இடது காலைவிடப் பருத்துவிட்டது. அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்பதையும் எப்போதோ விட்டுவிட்டது. பஸ்ஸில் போனால் முன் சீட்டை மிதிக்கும். சினிமாவில் கதாநாயகன் காரை வளைத்துத் திருப்பினால் மிதிக்கும். ஒருமுறை சலூன் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது தெருவில் ஏதோ வண்டி கிறீச்சிட, இவர் கால் உதைத்த உதையில் முடிவெட்டுபவர் ஒரு பக்க மீசையை எடுத்துவிட்டார். மரியாதைக்கு இன்னொரு பக்கத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. மாஸ்டர் மீசை வைத்துக்கொள்ளாதது அழகுக்காக என்று நினைத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.

கால் இப்படி என்றால் வாய் அதற்கு அண்ணன். "அது கியர் ராடும்மா, கரண்டி இல்ல. கிண்டாத!" "ஸ்டியரிங்கைப் பிடின்னா பூனைக்குட்டிய தடவற மாதிரி தடவுறியே!" "கண்ணாடி எதுக்கு? தலை சீவவா?" இவையெல்லாம் முதல் நாள் பாடங்கள். இரண்டாம் நாள் பாடங்களை அச்சில் போட முடியாது. காரின் தலையில் ஒரு பலகை. அதில் ஸ்கூல் பெயருக்குக் கீழே, "பொறுமையுடன் கற்றுத்தரப்படும்." எழுதிய பெயின்டர் மாஸ்டரை அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள், சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த மாசம் எனக்குப் பதினெட்டு ஆகுதில்ல? எதிர் ஸ்கூல்ல சேந்துக்கறேன்பா."

மாஸ்டர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. எதிர் ஸ்கூல் நடத்துபவர் மழை நாளிலும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டிருப்பார். ஊரில் அவர் பெயரே கூலிங் கிளாஸ்தான். மாணவரை ஓட்டவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போவது போலப் போவார். ஹோட்டல் முதலாளியின் மகள் எதிர் ஹோட்டலில் போய் உட்கார்ந்து "இங்கே ருசியா இருக்கும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது மாஸ்டருக்கு.

"ஏன் பாப்பா? அப்பா நல்லா சொல்லித்தர மாட்டேனா?"

"நல்லாத்தான் சொல்லித்தருவீங்க. தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

மனைவியைப் பார்த்தார். அவள் சாம்பார்க் கரண்டியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் ஆதரவு கேட்கவும் வாயில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கும் ஒரு நாள் கார் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு நாள். முதல் திருப்பத்தில் அவர் என்னவோ சொன்னார். அவள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். என்ன சொன்னோம் என்பது மாஸ்டருக்கு மறந்துவிட்டது. அவள் இறங்கிய இடத்தில் இப்போது ஒரு பேக்கரி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் அதைத் திரும்பிப் பார்ப்பாள். பன்னுக்காக அல்ல.

அன்றைக்கே மாஸ்டர் முடிவெடுத்தார். குடும்பத்தோடு மலைக்கு ஒரு டூர். தானே ஓட்ட வேண்டும். வழியெல்லாம் குரலை உயர்த்தாமல், சிரித்த முகமாக, பசு போல ஓட்டிக்காட்ட வேண்டும். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க இவ்வளவு சாதுவா!" என்று மனசு மாறி இங்கேயே சேர்ந்துவிடுவாள். இதுதான் திட்டம். மலை, காற்று, நடைப்பயணம் எல்லாம் ஓரத்தில் வைத்த ஊறுகாய்.

வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் பழைய மாணவர். பளபளவென்று ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மாஸ்டர்" என்றார். மாஸ்டர் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, காத்திருந்தார். கடைக்காரரும் வெளியே நின்று காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரர் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"மாஸ்டர், யார் ஓட்டப்போறா?"

அப்போதுதான் மாஸ்டர் எதிரே பார்த்தார். ஸ்டியரிங் இல்லை. பழக்கதோஷத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சீட்டு வசதியா இருக்கான்னு பாத்தேன்பா."

"பாருங்க, பாருங்க. ஆனா மாஸ்டர், உங்களுக்கு வண்டி தரதுல எனக்கு ஒண்ணுமில்ல. இதுல அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. உங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குமேன்னு பாக்கறேன்."

கிண்டலா அக்கறையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாஸ்டர் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, "நம்ம வண்டியிலயே போறோம். வாடகை வண்டிய எவன் நம்பறது?" என்று அறிவித்தார். நம்ம வண்டி என்றால் ஸ்கூல் வண்டி. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் என்று பெயின்ட். தலையில் பலகை. கழற்றலாம் என்று ஸ்பேனரோடு ஏறினார். துருப்பிடித்த நட்டு அசையாமல் சிரித்தது.

"எல் போர்டோட டூரா?" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என் ஃப்ரெண்ட்ஸ் யாராவது பாத்தா நான் உங்க ஸ்டூடன்ட்டுன்னு சொல்லிடுவேன்."

"சொல்லேன்! அதத்தானே நானும் கேக்கறேன்!"

மூட்டை கட்டும்போது மாஸ்டரின் டூர் சட்டையில் ஒரு பட்டன் இல்லை. "ஏம்மா, எத்தனை மாசமா சாயங்காலம் தையல் கிளாஸ் போற. வீட்டுல ஒரு தலையணை உறையக்கூடக் காணோம். இந்தப் பட்டனையாவது வைக்கக் கூடாதா?"

"இன்னும் பட்டன் பாடம் வரலங்க" என்றாள் மனைவி. மகள் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினாள்.

கிளம்பினார்கள். மாஸ்டர் ஸ்டியரிங் பக்கம். மகள் பின்னால். மனைவி பக்கத்து சீட்டில். அங்கேதான் வந்தது வினை. அந்த சீட்டின் காலடியில் கிளச்சும் பிரேக்கும் அப்படியே இருக்கின்றனவே.

"அத மிதிச்சுடாத. அங்க ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுக்கோ."

"நீங்க ஓட்டுங்க. நான் நினைச்சுக்கறேன்."

சமவெளியில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மாஸ்டர் சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு ஓட்டினார். குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனை, "போங்க தம்பி, போங்க, அவசரம் போல" என்று வழியனுப்பினார். மனைவி அவர் நெற்றியில் கைவைத்து ஜுரமா என்று பார்த்தாள். மலை ஏற ஆரம்பித்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், தான் எவ்வளவு பொறுமைசாலி என்பதை மகளுக்கு விளக்குவதற்காக மாஸ்டர் பின்னால் திரும்பினார். வண்டி அலுங்காமல் நின்றது. திடுக்கிட்டு முன்னால் பார்த்தார். மூக்குக்கு நேரே ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு பிரேக் போட்டது?"

"நான்தான். திருப்பத்துல ஹாரன் அடிக்காம வந்தீங்க" என்றாள் மனைவி.

"கிளச்சையும் சேத்து மிதிச்சிருக்க! இன்ஜின் நிக்கல! உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷம் உங்க சத்தத்தக் கேட்டிருக்கேனே. சுவருக்கே தெரிஞ்சிருக்கும்."

பஸ் டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தார். எல் போர்டைப் பார்த்தார். மாஸ்டரின் நரையைப் பார்த்தார். "பயப்படாதீங்க ஐயா! முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான். அம்மா சொல்றபடி கேளுங்க, சீக்கிரம் வந்துடும்!" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து சீட்டுப் பிரேக் யார் காலடியில் இருக்கிறதோ அவர்தானே வாத்தியார்? பின் சீட்டில் மகள் முகத்தில் துப்பட்டாவை அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். மாஸ்டர் சிரித்த முகத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஓட்டினார்.

பாதி மலையில் ஒரு தகரக் கூரைச் சாப்பாட்டுக் கடை. "உள்ளூர் சாப்பாடு" என்று எழுதியிருந்தது. மனைவி வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "வந்த இடத்துல வந்த இடத்துச் சாப்பாடு சாப்பிடணும். டப்பாவத் திறக்காத" என்று மாஸ்டர் உத்தரவு போட்டார். கடைக்கார அம்மா ஏதோ கீரை சூப்பும், வேகவைத்த கிழங்கும், ஓரத்தில் பச்சையாய் ஒரு விழுதும் கொண்டுவந்து வைத்தாள். "அது கொஞ்சமா தொட்டுக்கணும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் ஒரு ஸ்பூன் நிறைய அள்ளி வாயில் போட்டுவிட்டார்.

காது இரண்டும் அடைத்தன. கண்ணில் நீர். வாயைத் திறந்தால் தீயை அணைக்க ஆள் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கையை மட்டும் ஆட்டினார்.

"அம்மா! அப்பா பேசாம இருக்கார்மா!" என்று மகள் எழுந்தே நின்றுவிட்டாள். "அக்கா, இது பாட்டில்ல கிடைக்குமா?"

"கிடைக்குமே" என்ற கடைக்கார அம்மாவின் கண் மனைவியின் டப்பா மேலேயே இருந்தது. "அதுல என்ன இருக்கு? வீட்டுச் சாப்பாடா? தினம் இந்தக் கிழங்கையே தின்னு எனக்கு அலுத்துப்போச்சு." டப்பாவைக் கொடுத்து ஒரு பாட்டில் விழுதை வாங்கிக்கொண்டார்கள். மாஸ்டருக்குச் சூப் மட்டும் மிஞ்சியது. அதையும் ஊதி ஊதிக் குடித்தார். அது ஆறித்தான் இருந்தது.

ஹோட்டல் வாசலில் வாட்ச்மேன் எல் போர்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து ஓடிவந்தார். "சார், சார், அங்கேயே நிறுத்துங்க! இங்க கஸ்டமர் வண்டியெல்லாம் நிக்குது. நீங்க இறங்குங்க, அம்மா ஓரமா விடட்டும்." மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், ஒரே மூச்சில், ரிவர்ஸில், கோடு போட்டது போலக் கொண்டுபோய்ச் செருகினார். "பரவாயில்லையே, தேறிட்டீங்க!" என்று வாட்ச்மேன் கைதட்டினார்.

புக் செய்திருந்தது "மலை தெரியும் அறை." ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், அதில் காயும் போர்வை. மாஸ்டர் மானேஜரைக் கூப்பிட்டார். மானேஜர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து, அவர்களை நேரே குளியலறைக்கு அழைத்துப்போனார். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்தார். மேலே ஏறி, கூரைக்கடியில் இருந்த சின்னத் திறப்பைக் காட்டினார்.

"வாங்க சார். அற்புதமா தெரியும்."

ஒருவர் மாற்றி ஒருவராகப் பக்கெட்டில் ஏறி மலை பார்த்தார்கள். மலை நன்றாகத்தான் இருந்தது. மாஸ்டர் ஏறியபோது பக்கெட் அமுங்கியது, அவர் வலது கால் பிரேக் தேடி உதைத்தது, குழாய்ப் பிடி கையோடு வந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. "வெந்நீர் எங்க சார் வரும்?" என்று நனைந்த கோலத்தில் கேட்டார். மானேஜர் கொஞ்சம் தயங்கினார். "வரும் சார். ஆனா லைன் கொஞ்சம் மாத்திக் குடுத்துட்டாங்க." எங்கே மாற்றிக் கொடுத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. வெந்நீர் கழிப்பறைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபிளஷ்ஷை இழுத்தால் ஆவி பறந்தது. குளிக்க ஐஸ் தண்ணீர், கழுவிவிட வெந்நீர். இப்படி ஒரு சொகுசை மகாராஜாக்களும் அனுபவித்திருக்க மாட்டார்கள் என்று மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து அவர் வாங்கிய ஒரே நல்ல மார்க் அதுதான்.

மறுநாள் காலை மலைமேல் நடைப்பயணம். உச்சியில் ஒரு பாறை, அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியுமாம், பக்கெட் தேவையில்லையாம். மாஸ்டர் இன்றைக்காவது வாயைக் கட்ட வேண்டும் என்று உறுதியோடுதான் கிளம்பினார். ஆனால் பாதை ஏறியது. ஏற்றம் கண்ட இடத்தில் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

"பாப்பா, ஏத்தத்துல ஒரே சீரா போ. நின்னு நின்னு எடுத்தா மூச்சு வாங்கும். ஏம்மா, நீ ஓரமா வா, பின்னால வரவங்களுக்கு வழி விடு. திரும்பறதுக்கு முன்னால பாக்கணும்! பாக்காம திரும்பற பாரு!"

"அப்பா, நான் நடக்கறேன்பா. எனக்குக் கியரே கிடையாது."

"பொறுமையா சொன்னேனே! கத்தினேனா?"

"எதிர் மலையில எதிரொலி கேட்டுச்சு" என்றாள் மனைவி.

உச்சியை அடைந்தார்கள். மேகம் மூடியிருந்தது. பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை. பக்கெட்டே மேல். போட்டோ எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். இறங்கும்போது மகளுக்கு உற்சாகம். சரிவில் ஓட ஆரம்பித்தாள். கீழே பாதை சட்டென்று திரும்புகிறது. மாஸ்டர் பார்த்தார். வாய் திறப்பதற்கு முன்னால் கால் முந்திக்கொண்டது. வலது கால் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தது. அங்கே இருந்தது பிரேக் அல்ல, ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்.

மகள் திருப்பத்தில் அழகாக நின்று, திரும்பிப் பார்த்தாள். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் விழலயே, நீங்க ஏம்பா விழுந்தீங்க?"

"உன்ன நிறுத்தினேன்" என்றார் மாஸ்டர் பரிதாபமாக.

கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. ஆளுக்கொரு தோளாகத் தாங்கி ஹோட்டல் அறைக்குக் கொண்டுவந்தார்கள். மானேஜர் பார்த்துவிட்டு, "இங்க டாக்டர் கிடையாதுங்க. அடிவாரத்துக்குத்தான் போகணும். டிரைவருக்குச் சொல்லிவைக்கலாம், நாளைக்குத்தான் வருவார்" என்றார். பிறகு நினைவு வந்தவராக மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, வாட்ச்மேன் சொன்னாரே, நீங்கதான் வாத்தியார் ஆச்சே. நீங்களே ஓட்டிடலாமே?"

"அவ ஓட்ட மாட்டா" என்றார் மாஸ்டர். "அவளுக்குத் தெரியாது."

"சாவியக் குடுங்க" என்றாள் மனைவி.

மாஸ்டருக்குக் கால் வலி மறந்துவிட்டது. "எதுக்கு?"

"ஓட்டறதுக்கு."

"எப்படி ஓட்டுவ?"

"லைசன்ஸ் வாங்கி மூணு மாசம் ஆச்சுங்க."

கழிப்பறைத் தொட்டியில் வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டரின் மூளையில் சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. தையல் கிளாஸ். தைக்காத தலையணை உறை. வராத பட்டன் பாடம்.

"யாருகிட்ட?" என்று கேட்டார். பதில் தெரிந்தே கேட்டார்.

"எதிர் ஸ்கூல்ல. பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு இன்னமும் போறேன்."

"கூலிங் கிளாஸ்கிட்டயா! ஊர்ல வேற ஆளா கிடைக்கல?"

"ஊர்ல இருக்கறதே ரெண்டு பேரு. ஒருத்தர்கிட்ட ஒரு நாள் கத்துக்கிட்டாச்சு."

"பாப்பா, உனக்குத் தெரியுமா?"

மகள் கூரையைப் பார்த்தாள். "நான்தான்பா ஃபாரம் ஃபில்லப் பண்ணேன்."

மாஸ்டர் கட்டிலில் சாய்ந்தார். கணுக்கால் சுளுக்குக்கு மருந்து உண்டு. ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவனின் வீட்டுக்காரி, கண்ணுக்கு எதிரே, அடுத்த கடையில் போய்க் கற்றுக்கொண்டு வந்ததற்கு எந்த டாக்டரிடம் போவது? "அவன் அப்படி என்னதான் சொல்லிக்குடுத்தான்?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டார். பாட்டுப் போட்டுட்டு வருவார். தப்புப் பண்ணா பாட்டக் கொஞ்சம் கம்மி பண்ணுவார். அவ்வளவுதான்." அவளே தொடர்ந்து சொன்னாள். "அன்னிக்கு முதல் திருப்பத்துல நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'உன்ன நம்பி மாட்டு வண்டியக்கூடக் குடுக்க முடியாது'ன்னீங்க. மாட்டு வண்டி எனக்கு வேண்டாம். காரே கத்துக்கிட்டேன்."

எல்லாவற்றுக்கும் தயாராக ஒரு வசனம் வைத்திருக்கும் வாய், முதல் தடவையாக நியூட்ரலில் நின்றது.

மகள்தான் அந்த இடத்தில் பஞ்சாயத்து வைத்தாள். "அப்பா, ஒரு டீல். அம்மா ஓட்டுவாங்க. நீங்க பக்கத்து சீட்டு. கீழ போய் வண்டிய நிறுத்தற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசலன்னா நான் உங்ககிட்டயே கத்துக்கறேன். பேசினீங்கன்னா அந்த அங்கிள்தான்."

"பிரேக்கு?"

"வலது கால்தான் பூசணி ஆயிடுச்சே. போட்டுப் பாருங்க."

மாஸ்டர் சம்மதித்தார். தன்னை அவருக்குத் தெரியும். அதனால், ஏறும்போதே, "அந்தப் பாட்டில எடு" என்றார்.

வண்டி கிளம்பியது. மனைவி கண்ணாடி பார்த்தாள், பெல்ட் போட்டாள், ஹேண்ட்பிரேக்கை விட்டாள். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். வாசல் திருப்பத்தில் அவள் இன்டிகேட்டரைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டாள். மாஸ்டர் வாய் திறந்தது. உடனே ஒரு ஸ்பூன் பச்சை விழுதை உள்ளே தள்ளினார்.

முதல் வளைவு, ஒரு ஸ்பூன். அவள் இரண்டாவது கியரில் இறக்கினாள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. சரியாகத்தான் செய்தாள். சரியாகச் செய்ததைப் பார்த்தாலும் மாஸ்டருக்குப் பேச வந்தது. அதற்கும் ஒரு ஸ்பூன். கண்ணில் நீர் வழிந்தது. "அப்பா அழறார்மா" என்றாள் மகள். "காரம்" என்று சைகை காட்டினார். காரம் மட்டும்தானா என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவள் இவ்வளவு நிதானமாக ஓட்டுவாள் என்று இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாள்கூட நினைத்ததில்லை. வீங்கிய கால் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காலடியில் பிரேக் இருக்கிறது, அதை மிதிக்க ஆளில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வெறும் பயணி.

மனைவி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். அது எதிர் ஸ்கூல் காரிலிருந்து தினமும் தெருவைக் கடந்து வந்து தன் காதை அறுத்த பாட்டுதான் என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு ஸ்பூன்.

கடைசி வளைவில் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு திரும்பியது. மனைவி பிரேக்கில் கால் வைத்தாள். வண்டி லாரிக்கு வழிவிட்டு, ஓரமாக, அலுங்காமல் குலுங்காமல் நின்றது. அது நின்ற பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, மாஸ்டரின் வலது கால் தானாக எழும்பி, பூசணியோடு பிரேக்கை ஓங்கி மிதித்தது.

"ஐயோ!"

பள்ளத்தாக்கே திரும்பிச் சொன்னது. லாரி டிரைவர் தலையை நீட்டி, "வாத்தியாரம்மா, ஸ்டூடன்ட்ட அடிக்காதீங்க!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கிளினிக்கில் டாக்டர் கட்டுப் போடுவதற்குள் வழக்கு சூடுபிடித்துவிட்டது. "ஐயோங்கறது ஒரு வார்த்தையா இல்லயா?" என்று மகள். "அது வலி. வலிக்கு வார்த்தை கிடையாது" என்று மாஸ்டர். "எப்படிச் சுளுக்கிச்சு?" என்று டாக்டர். மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள். "அவர் கத்தினது கால் வலியில. என் ஓட்டத்துல இல்ல. இத்தனை வளைவுலயும் வாயைத் திறக்கல பாரு, பாட்டில் காலி. பாஸ் போடு."

"பாஸ்தான்" என்றாள் மகள், யோசித்துவிட்டு. "ஆனா அப்பா, ஒரு கண்டிஷன்."

அடுத்த மாதம் ஸ்கூல் வண்டி தெருவில் வந்தது. மகள் ஸ்டியரிங்கில். பக்கத்து சீட்டில், பிரேக் மேல் காலை மெல்ல வைத்துக்கொண்டு, அம்மா. மாஸ்டர் பின் சீட்டில், நடுவில், மடியில் ஒரு புதுப் பாட்டிலோடு. எதிர்ச்சாரியில் கூலிங் கிளாஸ் தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். கையை உயர்த்தினார். மாஸ்டர் வேறு வழியில்லாமல் கையை உயர்த்தினார். ஸ்கூலில் கற்றுக்கொடுப்பது மாஸ்டர்தான், சந்தேகமே இல்லை. பலகையிலும் அவர் பெயர்தான் இருக்கிறது.

பேக்கரித் திருப்பம் வந்தது. மகள் அழகாகத் திருப்பினாள். மனைவி திரும்பிப் பார்த்தாள், இந்தத் தடவை பேக்கரியை அல்ல, பின் சீட்டை. மாஸ்டர் வாயில் ஸ்பூன் இருந்தது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வலது கால் மட்டும், கட்டுப் பிரித்த புதுசு, கீழே கிடந்த கால்மிதியை மெதுவாக, மிக மெதுவாக, ஓட்டையாக்கிக்கொண்டிருந்தது.